மீன் இல்லாத தொட்டிக்குத் தீனி

சட்டைக் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முகத்துக்கு நேராக அக்கா, முதுகுக்குப் பின்னால் பூதக்கண்ணாடி. கடைசி மேஜை அவளுடையது. முப்பது நாற்பது பேர் வெட்டி, தைத்து, காஜா எடுத்து, பொத்தான் வைத்து, "முடிஞ்சுது" என்று தள்ளிவிட்ட சட்டை உண்மையிலேயே முடிந்ததா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். காலரை விரிப்பாள், அக்குள் தையலை இரண்டு விரலால் இழுத்துப் பார்ப்பாள், உட்பக்கத்தை வெளியே புரட்டுவாள். ஒரே ஒரு தையல் விட்டுப் போயிருந்தாலும் அங்கே சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி, தைத்தவர் முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டு வாயைத் திறக்காமல் நிற்பாள். திட்டினால்கூடத் தேவலை என்று தையல்காரர்கள் புலம்புவார்கள். அவள் நிற்கிற நிற்பில் போன மாதம் செய்த தப்பையும் சேர்த்து ஒப்புக்கொண்டவர்கள் உண்டு.

பதினேழு வருஷம் இப்படி நின்றவளுக்கு வீட்டுக்கு வந்ததும் கண்ணைக் கழற்றி வைத்துவிட முடியுமா? பால் பாக்கெட்டில் தேதியைப் பார்த்த கையோடு, அந்தத் தேதியை அச்சடித்தவனையும் ஒரு தடவை சந்தேகப்படுவாள். பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படி இறங்கி, பாதியில் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். கல்யாணமும் இப்படித்தான் தள்ளிப் போனது. பெண் பார்க்க வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்க்க, அவள் அவர்களுடைய காலரைப் பார்த்தாள். முப்பத்தொன்பதாவது வயதில் ஒரு பஸ் டிரைவர் வந்தார். மனைவி இறந்து நாலு வருஷம் ஆனவர். "மூணாவது பொத்தான் நானே தைச்சது, கொஞ்சம் கோணல்தான்" என்று உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். தன் தப்பைத் தானே காட்டிய முதல் ஆள். அவரை வேண்டாமென்று சொல்ல அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

டிரைவர் நல்லவர், அதுதான் அவரிடம் இருந்த பெரிய குறை. யார் எதைச் சொன்னாலும் நம்புவார். அவருடைய மகள் அதற்கு நேர்மாறு. பதினோரு வயது. கேள்வி மேல் கேள்வி கேட்டுக் குடைகிறாள் என்று அப்பாவே வைத்த பெயர் வக்கீல். கல்யாணமாகி வந்த சித்தியை முதல் நாளே மேலும் கீழும் பார்த்து, "நீங்க எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்டாள். ஊரார் சட்டையெல்லாம் புரட்டிப் பார்த்தவளை அன்றைக்கு ஒருத்தி புரட்டிப் பார்த்தாள். அது எப்படி இருக்கும் என்று பூதக்கண்ணாடிக்கு அப்போதுதான் தெரிந்தது. நன்றாகவே இல்லை.

பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் லீவு விட்ட அன்று டிரைவர், தண்ணீரைச் சுத்தம் செய்யும் ஃபில்டரோடு ஒரு மீன் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு பாலிதீன் பையில் தண்ணீரும் ஐந்து மீன்களும். இரண்டு கோல்டு ஃபிஷ், மூன்று கப்பி. "தண்ணியை ஊத்தணும், மீனை விடணும், அவ்வளவுதான்னு கடைக்காரர் சொன்னார்" என்றார். அவர் அவ்வளவுதான் என்று சொன்ன எதுவும் அந்த வீட்டில் அவ்வளவோடு நின்றதில்லை. ஆனாலும் அன்று சாயங்காலம் வக்கீல் கேள்வி கேட்காமல் ஒரு மணி நேரம் தொட்டி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஐந்துக்கும் பெயர் வைத்தாள். பெயர்களைச் சித்தியிடம் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தொட்டித் தண்ணீர் பால் கலந்தாற்போல் வெளுத்துப் போயிருந்தது. பூதக்கண்ணாடிக்கு அன்று அரை நாள் லீவு. வக்கீல் கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடப் போயிருந்தாள். அழுக்குத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் கை இல்லை அது. மீன்களைக் கிண்ணத்துக்கு மாற்றி, தண்ணீர் முழுவதையும் இறைத்துக் கொட்டி, கூழாங்கற்களைப் பாத்திரம் தேய்க்கிற சோப்பு போட்டுப் பளபளவென்று தேய்த்து, குழாயிலிருந்து நேராகப் புதுத் தண்ணீர் பிடித்து ஊற்றினாள். தொட்டி கண்ணாடிபோல ஆனது. சாயங்காலம் இரண்டு மீன் மிதந்தன. மறுநாள் காலை மீதி மூன்றும் மிதந்தன.

தான் தண்ணீர் மாற்றியதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. டிரைவர், "கடைக்காரன் சீக்கு மீனைக் கொடுத்துட்டான்போல" என்று தானே ஒரு காரணம் கண்டுபிடித்து அதைத் தானே நம்பிவிட்டார். வக்கீல் அழவில்லை. செத்த மீன்களை ஒரு காகிதத்தில் சுற்றிக் கீழே கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்து, சித்தியின் கைகளையே பார்த்தாள். சோப்பு போட்டுப் போட்டு விரல் நுனி சுருங்கியிருந்த கைகள். பூதக்கண்ணாடி அவற்றை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். இவளுக்குத் தெரியுமோ, தெரியாதோ?

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வந்தாள். வக்கீலின் இறந்துபோன அம்மாவுக்கு அக்கா, ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவள் வீட்டுக்குள் நுழைவதே வார்டுக்குள் நுழைவது மாதிரி இருக்கும். அலமாரி விளிம்பில் விரலை ஓட்டிப் பார்ப்பாள், ஃபிரிட்ஜைத் திறந்து மோந்து பார்ப்பாள், பிறகுதான் உட்காருவாள். காலித் தொட்டியைப் பார்த்தாள், அதன் பிறகு பூதக்கண்ணாடியைப் பார்த்தாள். அறைக்குள் வக்கீலோடு அரை மணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு வெளியே வந்தாள்.

"நான் சுத்தி வளைச்சுப் பேசலை. அவளுக்கு இங்க ஒட்டலைன்னா நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுப் பக்கத்துலயும் பள்ளிக்கூடம் இருக்கு" என்றாள் டிரைவரிடம்.

"என்ன அண்ணி நீங்க... ஆறு மாசம்தானே ஆகுது" என்று இழுத்தார் டிரைவர்.

"ஸ்கூல் திறக்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை வருவேன். இருக்காளா வராளான்னு அவளே சொல்லட்டும். அவ சொல்றதுதான்."

பேச்சு முழுவதும் பூதக்கண்ணாடியின் முன்னால்தான் நடந்தது, ஆனால் ஒரு வார்த்தைகூட அவளைப் பார்த்துச் சொல்லப்படவில்லை. அவள் டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். இந்தப் பெண் போய்விட்டால் தனக்கு நிம்மதிதானே என்று ஒரு தடவை யோசித்துப் பார்த்தாள். நிம்மதியாக இல்லை. சாயங்காலம் கம்பெனியிலிருந்து வரும்போது மாடிப்படியில் உட்கார்ந்து, "பத்து நிமிஷம் லேட்டு" என்று சொல்வதற்கு ஆள் இருப்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. அவளுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? அவளே உடனே நம்பவில்லை, இரண்டு மூன்று தடவை சரிபார்த்துக்கொண்டாள்.

மறுநாள் வேலை முடிந்து அவள் வேறொரு மீன் கடைக்குப் போனாள். ஐந்து மீன் வாங்கி விட்டுவிட்டால் பழைய கணக்கு தீர்ந்துவிடும் என்பது அவள் எண்ணம். கடைக்காரர் ஒல்லியாக, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே பேசுகிறவர். முதல் கேள்வியே, "தொட்டி வச்சு எத்தனை நாளாச்சு?"

"ஒரு வாரம்கூட ஆகலை."

"அப்போ மீன் கிடையாது."

விற்க மாட்டேன் என்று சொல்லும் கடைக்காரரை அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. இதில் ஏதோ இருக்கிறது என்று மூக்கில் வியர்த்தது. "ஏன் கிடையாது?" என்றாள்.

"மீன் கழிக்கிற கழிவு தண்ணியில அம்மோனியாவா மாறும். அது விஷம். அதைத் திங்கறதுக்கு ஒரு கிருமி இருக்கு. அது தின்னு நைட்ரைட்னு ஒண்ணை விடும், அதுவும் விஷம். அதைத் திங்க இன்னொரு கிருமி. அது விடறது நைட்ரேட்டு, அதை மீன் தாங்கிக்கும், அப்பப்போ கொஞ்சம் தண்ணி மாத்தினாப் போதும். இந்த ரெண்டு கிருமியும் புதுத் தொட்டியில இருக்காது. தானா வந்து ஃபில்டர் ஸ்பாஞ்சுல குடியேறணும். ஒரு மாசம், ஒண்ணரை மாசம் ஆகும். அதுவரைக்கும் மீன் விட்டா அதோட கழிவுலயே அது செத்துடும்."

"மீனே இல்லைன்னா அந்தக் கிருமி எதைத் தின்னு வளரும்?" என்றாள். தையல் விட்ட இடம் கிடைத்துவிட்டது என்று நினைத்தாள்.

"தினம் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போடுங்க. அது அழுகி அம்மோனியா வரும். ஃபில்டர் எப்பவும் ஓடணும். அப்புறம், குழாய்த் தண்ணியை நேரா ஊத்தாதீங்க, அதுல குளோரின் இருக்கு. ஒரு நாள் வாளியில வச்சிருந்து ஊத்துங்க. சோப்பு பட்ட கையைத் தொட்டிக்குள்ள விடவே கூடாது. ரெண்டுமே மீனுக்கும் ஆகாது, கிருமிக்கும் ஆகாது."

இரண்டையும் அவள் ஒரே மத்தியானத்தில் செய்து முடித்திருந்தாள். அப்படியானால் ஐந்தையும் கொன்றது தான்தான். சீக்கு மீன் என்று டிரைவர் சொன்ன காரணத்தில் அவள் கொஞ்சம் ஒண்டிக்கொண்டிருந்தாள். இனி அதுவும் இல்லை.

கடைக்காரர் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். அதில் சொட்டு மருந்துக் குப்பிகள், ஒரு கண்ணாடிக் குழாய், நிறங்கள் அச்சடித்த அட்டை. குழாயில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துச் சொட்டு விட்டால் நிறம் மாறும், அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அம்மோனியா இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் மஞ்சள். நைட்ரைட் இருந்தால் ஊதா, இல்லாவிட்டால் வெளிர்நீலம். அட்டையைப் பார்த்ததும் பூதக்கண்ணாடிக்கு முதல் தடவையாக அந்தக் கடைக்காரர் மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. கம்பெனியில் துணிக்குத் துணி சாயம் ஒத்துப்போகிறதா என்று ஷேடு அட்டை வைத்துப் பார்ப்பது அவள் வேலைதான். டியூப்லைட்டில் ஒத்துப்போகும் நீலம் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும் என்று தெரிந்தவள். கிருமி கண்ணுக்குத் தெரியாவிட்டால் போகட்டும், நிறம் தெரியுமே.

அப்படித்தான் அந்த வீட்டில் மீன் இல்லாத தொட்டிக்குத் தீனி போடுவது ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்கு ஜன்னல் வெளிச்சத்தில் நின்று சொட்டு விட்டு, குழாயைக் குலுக்கி, அட்டையோடு சேர்த்துப் பிடிப்பாள். சட்டை அளவு குறிக்கும் தாளின் பின்பக்கத்தில் தேதியும் நிறமும் எழுதுவாள். பிறகு ஒரு சிட்டிகைத் தீனியை, ஒன்றுமே இல்லாத தண்ணீரில் தூவுவாள். டிரைவர், "கிருமிக்குச் சாப்பாடா? சரி" என்று அதையும் நம்பினார். வக்கீல் அறை வாசலில் பல் தேய்த்துக்கொண்டே நின்று பார்ப்பாள். பல் தேய்க்க அவ்வளவு நேரம் யாருக்கும் ஆகாது.

"என்ன சொட்டு விடறீங்க?"

"டெஸ்ட் பண்றேன். இது குழாய்க்குள்ள மட்டும்தான், தொட்டியில விடலை."

"ம்" என்பாள் வக்கீல். நீதிமன்றம் குறித்துக்கொண்டது என்று அர்த்தம்.

ஐந்தாம் நாள் பச்சை. பன்னிரண்டாம் நாள் ஊதா, அதுவும் கத்தரிப்பூ நிறத்தில். இருபத்துநாலாம் நாள் பச்சை மறைந்து மஞ்சளானது. ஸ்பாஞ்சு பழுப்பேறி, வழவழவென்று சகிக்க முடியாமல் இருந்தது. அதைத் தேய்த்துக் கழுவ அவள் கை பரபரத்ததை எப்படிச் சொல்ல! ஜன்னல் கம்பியையும் கதவுக் கைப்பிடியையும் ஒரு நாளைக்கு இரண்டு தடவை துடைத்து அந்த அரிப்பைத் தீர்த்துக்கொண்டாள். முப்பத்தோராம் நாள், ஒரு புதன்கிழமை, ஊதாவும் வெளுத்துக் கிட்டத்தட்ட நீலமாகிவிட்டது. பெரியம்மா கெடு வைத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலு நாள். வெள்ளிக்கிழமை கடைக்குப் போய்விடலாம், வக்கீலையே அழைத்துப் போய் மீனைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம் என்று பஸ்ஸில் போகும்போது திட்டம் போட்டாள். தன்பாட்டுக்குச் சிரித்ததைப் பக்கத்து சீட்டுப் பெண் வினோதமாகப் பார்த்தாள்.

வியாழக்கிழமை காலை குழாய் பச்சையாக இருந்தது.

அவள் நம்பவில்லை. குழாயைக் கழுவி இன்னொரு தடவை பார்த்தாள், மூன்றாம் தடவை ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தாள். பச்சைதான். ஃபில்டரைக் கழற்றி ஸ்பாஞ்சை வெளியே எடுத்தாள். ஒரு மாதமாகப் பழுப்பேறியிருந்த ஸ்பாஞ்சு, கடையில் வாங்கிய அன்று இருந்ததுபோல் வெள்ளைவெளேர் என்று இருந்தது. மோந்து பார்த்தாள். ஆஸ்பத்திரி வாசனை.

பெரியம்மா என்று மனசு உடனே கைகாட்டியது. ஆனால் மனசு காட்டுகிற இடத்தில் அவள் அம்பு ஒட்டுவதில்லை, எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுவாள். பெரியம்மா வக்கீலைப் பார்த்துவிட்டுப் போக வந்தது போன ஞாயிறு. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் தாளில் மஞ்சள் என்று இருக்கிறது. அப்படியானால் இது புதன் காலை ஏழு மணிக்குப் பிறகு நடந்தது. புதன் பகலில் அவள் கம்பெனியில், டிரைவர் பஸ்ஸில். வீட்டில் இருந்தது ஒருத்திதான்.

அன்று முழுவதும் கம்பெனியில் அவள் கையில் இரண்டு கோணல் காலர்கள் தப்பித்துப் போயின. பதினேழு வருஷத்தில் நடக்காதது. பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று வக்கீல் முடிவு செய்துவிட்டாள், அதற்குத்தான் கெடுத்திருக்கிறாள், மீன் வராவிட்டால் போவதற்குக் காரணம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். பதினோரு வயதில் என்ன வஞ்சம்! அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்துக்கு அடியில் அழுகை இருந்தது. அதைக் கழிவறையில் போய்க் கொஞ்சம் இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் டிரைவரிடம் தொட்டி கெட்டுப்போனதை மட்டும் சொன்னாள், யார் என்று சொல்லவில்லை. அவர் தலையைச் சொறிந்தார். "ஒண்ணு பண்ணலாமா? சனிக்கிழமை அஞ்சு மீன் வாங்கி விட்டுடலாம். ஞாயித்துக்கிழமை அண்ணி வரும்போது நீந்திட்டு இருந்தாப் போதும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவ்வளவு நல்ல மனுஷர் வாயிலிருந்து அப்படி ஒரு யோசனை. அவளுக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. ஒரு நாள் நீந்தினால் போதும், பெண் இருந்துவிடுவாள். அப்புறம் அவை ஒவ்வொன்றாக மிதக்கும்போது? அவள் வேண்டாமென்று தலையாட்டினாள். அறை வாசல் திரை லேசாக அசைந்தது. வக்கீல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

மறுநாள் டிரைவர் டியூட்டிக்குப் போன பிறகு, பூதக்கண்ணாடி அந்த வெள்ளை ஸ்பாஞ்சை ஒரு தட்டில் வைத்து, சாப்பாட்டு மேஜையில் வக்கீல் முன்னால் கொண்டுபோய் வைத்தாள். வாயைத் திறக்காமல் நின்றாள். தையல்காரர்கள் இரண்டு நிமிஷம் தாங்குவார்கள். வக்கீல் ஸ்பாஞ்சைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், பிஸ்கட்டை எடுத்து மெதுவாகக் கடித்தாள். அவளும் வாயைத் திறக்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆனது. கம்பெனிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடைசியில் பூதக்கண்ணாடிதான் தோற்றாள்.

"ஏன் கழுவினே?"

"அதுல கிருமி இருந்துச்சு."

"கிருமி இருக்கணும். அதுக்குத்தானே ஒரு மாசமா..."

"பெரியம்மா சொன்னாங்க, கிருமியை யாராவது வீட்டுல வளர்ப்பாங்களான்னு. அது பழுப்பா நாறிட்டு இருந்துச்சு. முதல்ல செத்த மீனும் அந்த மாதிரிதான் செத்திருக்கும்னாங்க. புது மீன் வந்து அதுவும் செத்துடக் கூடாதுன்னு, அவங்க ஆஸ்பத்திரியில இருந்து கொடுத்த சோப்பைப் போட்டு நாலு தடவை கழுவினேன்." மேஜையில் விழுந்த பிஸ்கட் தூளைத் துடைத்தாள். "கழுவினது தப்பா?"

பூதக்கண்ணாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வஞ்சம் என்று நேற்று முழுவதும் எங்கே அம்பு ஒட்டினாளோ, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. இந்தப் பெண் காப்பாற்றத்தான் பார்த்திருக்கிறாள். அழுக்கைக் கண்டால் சும்மா இருக்கத் தெரியாத இன்னொரு கை.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நிஜம் சொல்லுவீங்களா?" வக்கீல் பிஸ்கட்டைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு நீங்க தண்ணி மாத்தினதைப் படியில இருந்து பாத்தேன். சோப்பு போட்டுக் கல்லைத் தேய்ச்சீங்க. அப்பா சீக்கு மீன்னு சொன்னப்போ நீங்க சும்மா இருந்தீங்க."

ஒரு மாதமாக இந்தப் பெண் இதை வைத்துக்கொண்டிருக்கிறாள். பெரியம்மாவிடம் சொன்னாளா, அப்பாவிடம் சொன்னாளா என்றெல்லாம் பூதக்கண்ணாடிக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

"ஆமாம். நான்தான் மாத்தினேன். குழாய்த் தண்ணியை நேரா ஊத்தக் கூடாது, சோப்பு ஆகாதுன்னு எனக்குத் தெரியாது. அப்புறம்தான் தெரிஞ்சுது. தெரிஞ்ச பிறகும் நான் சொல்லலை. நீ போயிடுவியோன்னு பயமா இருந்துச்சு" என்றாள். எதையும் பூசி மெழுகவில்லை. சொல்லி முடித்ததும், தன் மேல் தானே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் நிற்பதுபோல் இருந்தது.

வக்கீல் தட்டிலிருந்த ஸ்பாஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். "ஏழு மணிக்கு டெஸ்ட் பண்ணும்போது தொட்டியில எதுவும் விடலைன்னு சொன்னீங்களே, அது?"

"அது நிஜம்."

"பாக்கலாம்" என்றாள் வக்கீல்.

அன்று சாயங்காலம் இருவரும் மீன் கடைக்குப் போனார்கள். கடைக்காரரை வக்கீல் குறுக்கு விசாரணை செய்த விதத்தில் அவர் கையைத் துடைக்கவே மறந்துவிட்டார். கிருமி எங்கிருந்து வருகிறது, அதை யார் எண்ணிப் பார்த்தார்கள், அவர் சொல்வது பொய்யில்லை என்று எப்படித் தெரியும்? அவர் பொறுமையாகச் சொன்னார். கழுவின ஸ்பாஞ்சைக் குளோரின் போன தண்ணீரில் பல தடவை அலசி, சோப்பு வாசனை சுத்தமாகப் போன பிறகு போட வேண்டும், போகாவிட்டால் புது ஸ்பாஞ்சு. கூழாங்கல்லில் கொஞ்சம் கிருமி மிச்சமிருக்கும், அதனால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. இன்னும் இரண்டு, மூன்று வாரம்.

"அவசரம்னா என் தொட்டியில ஓடற பழைய ஸ்பாஞ்சைத் தரேன். கிருமியெல்லாம் ரெடியா இருக்கு, நாலே நாள்ல சரியாகிடும்" என்றார்.

"வேண்டாம்" என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அவருடைய தொட்டியில் என்ன சீக்கு இருக்கிறதோ, யார் கண்டது? ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இருவருக்கும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. கடைக்காரர் ஒரு புது ஸ்பாஞ்சைக் கொடுத்துவிட்டு, "நல்ல குடும்பம்" என்று முணுமுணுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா சொன்னபடி வந்தாள், கையில் ஒரு காலிப் பையோடு. அதில் எத்தனை துணி பிடிக்கும் என்று பூதக்கண்ணாடி கண்ணாலேயே அளந்தாள். தொட்டியில் ஃபில்டர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது, மீன் ஒன்றும் இல்லை. பெரியம்மா அதன் முன்னால் நின்று உள்ளே பார்த்துவிட்டு, "இன்னும் காலியாத்தான் இருக்கா?" என்றாள்.

"நான்தான் அக்கா கெடுத்தேன்" என்றாள் பூதக்கண்ணாடி. "முதல்ல அஞ்சு மீனையும் கொன்னதும் நான்தான். தெரியாம செஞ்சேன். தெரிஞ்ச பிறகு மறைச்சேன்." ஸ்பாஞ்சையும் ஆஸ்பத்திரி சோப்பையும் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை.

சீக்கு மீன் என்று நம்பியிருந்த டிரைவர் காலித் தொட்டியைப் பார்த்தார். பெரியம்மா நர்ஸ் வேலையில் எத்தனையோ பேர் ஒப்புக்கொண்டதைக் கேட்டவள், ஆனாலும் இதை எதிர்பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பையின் கைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்துவிட்டு வக்கீலைப் பக்கத்தில் அழைத்தாள்.

"பாத்தியா கண்ணு, அவங்களே சொல்லிட்டாங்க. நீ சொல்லு. துணிமணியை எடுத்து வைக்கலாமா?"

வக்கீல் பெரியம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். பூதக்கண்ணாடி தரையைப் பார்த்தாள். தரையில் ஒரு கறை இருந்தது, அதைத் துடைக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

"பெரியம்மா, தொட்டிக்கு இன்னும் மூணு வாரம் ஆகும். நான் போயிட்டா அப்பா மீனை வாங்கி விட்டுடுவார். நான் கேட்டேன், நேத்தே வாங்கி விட்டுடலாம்னுதான் சொன்னார். சித்தி வேண்டாம்னாங்க. ஆனா அடுத்த சனிக்கிழமையும் வேண்டாம்னு சொல்லுவாங்களான்னு எப்படித் தெரியும்? அவங்களுக்குக் கை சும்மா இருக்காது. அந்த ஸ்பாஞ்சு மறுபடி பழுப்பாச்சுன்னா யாருக்கும் தெரியாம கழுவிடுவாங்க."

"அப்போ உனக்கு இவங்க மேல நம்பிக்கை இல்லை. அதைத்தானே நானும் சொல்றேன்."

"ஆமா, இல்லை. அதனாலதான் நான் இங்க இருக்கணும்."

பெரியம்மா டிரைவரைப் பார்த்தாள். டிரைவர் இந்தத் தடவை எதை நம்புவதென்று தெரியாமல் மனைவியைப் பார்த்தார். பூதக்கண்ணாடிக்குக் கண் நிறைந்துவிட்டது. நம்பவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்ன வார்த்தைக்கு இப்படிச் சந்தோஷப்படுகிற பொம்பளை உலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. பதினேழு வருஷமாக அவள் பார்த்தது ஒன்றுதான். வேலையை விட்டுப் போகப் போகிறவர்கள் யாரும் உட்கார்ந்து சரிபார்ப்பதில்லை. வந்ததை வந்தபடியே தள்ளிவிடுவார்கள். இருக்கப் போகிறவர்கள்தான் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள்.

"நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு டெஸ்ட். வந்து பக்கத்துல நில்லு" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஆறே முக்காலுக்கே வந்துடுவேன்" என்றாள் வக்கீல். "அதுக்கு முன்னாடி நீங்க தொட்டிப் பக்கம் போகக் கூடாது."

அவள் சரி என்றாள். பெரியம்மா காலிப் பையை மடித்து இடுக்கிக்கொண்டு, சரி, ஒரு டீயாவது கொடுங்க என்று உட்கார்ந்தாள்.